சதுப்பை நிரப்பினால் கிரெடிட்: அமெரிக்க ஈடுசெய்யும் சந்தையின் மூன்று கடைகளும் ஒரு கறார் மதிப்பீடும்

அமெரிக்காவில் சதுப்பு நிலத்தையோ ஓடையையோ நிரப்பிக் கட்டடம் எழுப்புகிறவர், அதற்கு ஈடாக வேறோர் இடத்தில் சதுப்பையோ ஓடையையோ மீட்டுத் தர வேண்டும். தானே மீட்டுத் தரலாம். இல்லையென்றால், ஏற்கெனவே மீட்டு வைத்திருப்பவரிடம் பணம் கொடுத்துக் கிரெடிட், அதாவது மீட்பை அளக்கும் அலகு, வாங்கலாம். நகராட்சிக் கட்டணம் கட்டுவது போல நினைத்துப் பலரும் செக் எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். ஆனால் இது கட்டணமல்ல, சந்தைச் சரக்கு. தரத்தில் ஏற்றத்தாழ்வு உண்டு, விலையில் பேரம் உண்டு, இன்னும் மண்வெட்டியே படாத இடத்தைக் காட்டி விற்கும் சரக்கும் உண்டு.

மூன்று கடைகள். ஒன்று, மிட்டிகேஷன் பேங்க்: தனியாரோ அரசு அமைப்போ ஒரு பெரிய நிலத்தை மீட்டு, அதில் விளையும் கிரெடிட்டை விற்பது. இரண்டு, இன்-லியூ ஃபீ: அரசு அமைப்போ லாப நோக்கற்ற இயற்கைவள அமைப்போ பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு மீட்டுத் தருவது. மூன்று, நிரப்ப அனுமதி (பெர்மிட்) வாங்கியவரே சொந்தப் பொறுப்பில் செய்வது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பேங்க் கிரெடிட்டுக்கு முதலிடம், இன்-லியூ ஃபீக்கு இரண்டாமிடம், சொந்தப் பொறுப்பு வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும். ஆனால் எந்தக் கடையில் வாங்கினாலும் ஈரநிலக் கிரெடிட்டுக்குத் தரும் மதிப்பெண்ணை ஓடைக் கிரெடிட்டுக்கு எங்களால் தர முடியவில்லை. ஏன் என்பதைக் கீழே விரிவாகப் பார்ப்போம்.

வாங்க வேண்டியிருக்கிறதா?

நீர் மாசைத் தடுக்கும் மத்தியச் சட்டமான கிளீன் வாட்டர் ஆக்டின் 404-ஆம் பிரிவின் கீழ் பெர்மிட் தருவது ராணுவப் பொறியியல் அமைப்பான ஆர்மி கோர் ஆஃப் இன்ஜினியர்ஸ் (சுருக்கமாகக் கோர்), மேற்பார்வை சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ.வுடையது. இரண்டும் 1990-இல் செய்துகொண்ட உடன்படிக்கை ஒரு வரிசையை வகுத்தது: முதலில் தவிர், முடியாததைக் குறை, மிச்சத்துக்கு மட்டும் ஈடு செய். கிரெடிட்டை வாங்கி வைத்துக்கொண்டு பெர்மிட் கேட்கப் போவது தலைகீழ் வழி. 'இந்த லே-அவுட்டை ஏன் திருப்பிப் போடக்கூடாது?' என்பதுதான் கோர் கேட்கும் முதல் கேள்வி. அதற்கு எழுத்தில் பதில் இல்லையென்றால் கையில் எத்தனை கிரெடிட் இருந்தும் பயனில்லை.

நாடு தழுவிய பொது பெர்மிட்டுகளில் வீட்டு மனை, வணிகக் கட்டடம் போன்றவற்றுக்கு அரை ஏக்கர் இழப்புதான் உச்சவரம்பு. அதற்குள் அடங்கினாலும் ஈரநில இழப்பு 0.1 ஏக்கரைத் தாண்டினால் குறைந்தது ஒன்றுக்கு ஒன்று ஈடு கேட்பது வழக்கம். ஓடைப் படுகைக்கு, 2021 பெர்மிட்டுகளிலிருந்து வரம்பு 0.03 ஏக்கர், அதாவது சுமார் 1,307 சதுர அடி. 6 அடி அகல ஓடையென்றால் ஏறக்குறைய 218 அடி நீளம். இதற்குக் குறைவானாலும் கோர் விரும்பினால் கேட்கலாம். ஆனாலும் எல்லைக்கோடு எங்கே என்று தெரிந்து வரைபடம் போடுவது பணத்தை மிச்சப்படுத்தும். மண்ணைச் சரிவாகக் கொட்டி மேடு கட்டுவதற்குப் பதில் தடுப்புச் சுவர் எழுப்பினால் 0.12 ஏக்கர் 0.09 ஆகும். பெட்டிக் கல்வெர்ட்டுக்குப் பதில் அடிப்பக்கம் திறந்த வளைவுக் கல்வெர்ட் வைத்தால் படுகை இழப்பு கணக்கிலேயே வராமல் போகலாம். மலிவான கிரெடிட் என்பது வாங்காத கிரெடிட்தான்.

எத்தனை கிரெடிட்?

இங்கேதான் கன்சல்டன்ட் சொன்ன எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்பவர்கள் அதிகம். ஒரு ஏக்கருக்கு ஒரு கிரெடிட் என்று எங்கும் பொதுவாக ஒரு விதி கிடையாது. கணக்கு முறை மாநிலத்துக்கு மாநிலம், கோரின் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். ஃபுளோரிடாவின் யூமாம் முறையை எடுத்துக்கொள்வோம். எளிமையானது, மறைத்து வைக்கவும் இடமில்லாதது.

மூன்று தலைப்புகளில் 10-க்கு மதிப்பெண்: இருப்பிடமும் சுற்றுப்புறமும், நீர்ச் சூழல், தாவர விலங்கு அமைப்பு. கூட்டி 30-ஆல் வகுக்க வேண்டும். நீங்கள் நிரப்பப் போகும் 2 ஏக்கர் சதுப்புக்கு ஒவ்வொன்றிலும் 6 என்றால் 18/30, அதாவது 0.6. நிரப்பியபின் பூஜ்யம். ஆக இழப்பு 0.6 பெருக்கல் 2, 1.2 யூனிட். யூமாம் முறையில் மதிப்பிட்ட பேங்கில் வாங்கினால் 1.2 கிரெடிட் போதும். 2 ஏக்கருக்கு 2 கிரெடிட் வாங்கச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: பழைய பேங்குகள் சில யூமாமுக்கு முந்தைய முறைகளில் மதிப்பிடப்பட்டவை. அவற்றில் வாங்கினால் உங்கள் இழப்பையும் அதே பழைய முறையில்தான் கணக்கிட வேண்டும். படியில் அளந்ததைக் கிலோவில் கழிக்க முடியாது.

அதையே சொந்தப் பொறுப்பில் செய்தால் கணக்கு வேறு. வடிகால் வெட்டி மேய்ச்சல் நிலமாக்கிய சதுப்பை மீட்கிறீர்கள், மதிப்பெண் 0.3-லிருந்து 0.8 ஆகும் என்று வைத்துக்கொள்வோம். ஆதாயம் 0.5. இதைக் கால தாமதத்துக்கான எண்ணாலும் ஆபத்துக்கான எண்ணாலும் வகுக்க வேண்டும். 6 முதல் 10 ஆண்டில் தேறும் என்றால் தாமத எண் 1.25, ஆபத்து எண் 1 முதல் 3 வரை, இங்கே 1.25 என்போம். ஒரு ஏக்கருக்குக் கிடைப்பது 0.32. அந்த 1.2 யூனிட்டை ஈடு செய்ய 3.75 ஏக்கர் வேண்டும். நீங்கள் வெட்டியது முதிர்ந்த காட்டுச் சதுப்பென்றால், அது மறுபடி முதிர 55 ஆண்டுக்கு மேலாகும். தாமத எண் 3.91. அதே நிலத்தில் ஒரு ஏக்கருக்கு 0.10-க்குச் சற்று மேல்தான் தேறும். 11 ஏக்கருக்கு மேல் தேவைப்படும். காட்டுச் சதுப்பைத் தொடாமல் லே-அவுட்டை மாற்றுவது ஏன் மலிவு என்பதை இந்த ஒரு எண்ணே சொல்லிவிடும்.

முதல் கடை: மிட்டிகேஷன் பேங்க்

2008 ஏப்ரலில் கோரும் இ.பி.ஏ.வும் வெளியிட்ட விதி, பேங்க் கிரெடிட்டுக்கு முன்னுரிமை தந்தது. காரணம் நியாயமானது. பேங்க் கிரெடிட் விற்பனைக்கு வருமுன் நிலம் கைக்கு வந்திருக்க வேண்டும், ஆவணம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும், நிதி உத்தரவாதம் கட்டியிருக்க வேண்டும். வாங்குபவருக்கு இதில் இன்னொரு பெரிய வசதி உண்டு: பணம் கட்டிக் கிரெடிட்டைப் பெற்ற கணத்தில் ஈடு செய்யும் சட்டப் பொறுப்பு விற்றவர் தலைக்குப் போய்விடுகிறது. நாளைக்கு அந்தச் சதுப்பு வறண்டாலும் ஓடைக் கரை இடிந்தாலும் உங்களைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

இந்த வசதியே இந்தச் சரக்கின் பலவீனமும்கூட. வாங்குபவருக்குத் தரத்தைப் பற்றிக் கவலையில்லை. அவருக்கு வேண்டியது ரசீது. ஆகவே தரம் முழுக்க முழுக்க பேங்குகளைச் சரிபார்க்கும் அந்தந்த மாவட்டத்தின் பல்துறை ஆய்வுக் குழுவின் கெடுபிடியைப் பொறுத்தது. குழு கறாராக இருக்கும் மாவட்டத்தில் சரக்கு நன்றாக இருக்கும், விலையும் கூடுதலாக இருக்கும்.

தேட வேண்டிய இடம் ரிபிட்ஸ். கோர் நடத்தும் இணையதளம், காசு கிடையாது. உங்கள் நிலம் எந்த நீர்ப்பிடிப்பு எல்லைக்குள் வருகிறது என்று வரைபடத்தில் பார்த்து, அதைச் சேவை எல்லையாக, அதாவது விற்கக்கூடிய பகுதியாக, கொண்ட பேங்குகளைப் பட்டியலிடலாம். பல மாவட்டங்களில் இந்த எல்லை, ஆற்றுப்படுகைகளை அடையாளம் காட்டும் எட்டிலக்க நீரியல் எண்ணை ஒட்டி இருக்கும். ஒவ்வொரு பேங்குக்கும் பேரேடு, அங்கீகார ஆவணம், கண்காணிப்பு அறிக்கைகள் இருக்கும். விலை இருக்காது, போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஈரநிலம் ஏக்கர் கணக்கிலும் ஓடை அடிக் கணக்கிலும் விலை பேசப்படும். ஒரே மாநிலத்துக்குள்ளேயே ஆற்றுப்படுகைக்கு ஆற்றுப்படுகை பல மடங்கு வித்தியாசம் வரும். ஒரு படுகையில் ஒரே பேங்க் இருந்தால் அவர் வைத்ததுதான் விலை.

பேரேட்டைப் படிக்கும்போது இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'மொத்த சாத்தியக் கிரெடிட்' என்பது எல்லாம் சரியாக நடந்தால் கடைசியில் கிடைக்கக்கூடியது. 'விடுவிக்கப்பட்டது' என்பதுதான் இன்று விற்கக்கூடியது. அதிலும் வேறொருவர் முன்பணம் கட்டி நிறுத்தி வைத்தது கழியாமல் கையிருப்பாகவே தெரியும். தளத்தில் 4 கிரெடிட் இருக்கிறதென்று திட்டம் போட்டுவிட்டு, போன் செய்தால் ஒன்றுமில்லை என்பார்கள்.

வட கரோலினாவில் கோர் 2016-இல் வகுத்த ஓடை பேங்க் அட்டவணையைப் பாருங்கள். நிலமும் ஆவணமும் உத்தரவாதமும் தயாரானதும் 15 சதவீதம் விடுவிக்கப்படும். அதாவது ஒரு செடியும் நடாமல். மண் வேலையும் நடவும் முடிந்ததும் இன்னொரு 15. பிறகு ஏழாண்டுக் கண்காணிப்பு: முதல் மூன்று ஆண்டுக்குத் தலா 10, நான்காவதில் 5, ஐந்தாவதில் 10, ஆறாவதில் 5, ஏழாவதில் 10. மிச்சமுள்ள 10 சதவீதம், கரை நிரம்பி வழியும் வெள்ளம் தனித்தனி ஆண்டுகளில் நான்கு முறை வந்து போனால்தான். வாங்குமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: 'எனக்குத் தருவது எந்தக் கட்டத்தில் விடுவிக்கப்பட்டது?' சட்டப்படி எல்லாமே ஒன்றுதான். ஆனால் ஐந்தாம் ஆண்டுக் கிரெடிட் நிஜமான ஓடை. முதல் கட்டக் கிரெடிட் வாக்குறுதி. பொதுமக்கள் கருத்துக்கேட்பில் எதிர்ப்பு வரும் திட்டங்களுக்கு இந்த வித்தியாசம் பெரிது.

வாங்கும் வரிசை இப்படி. ஈரநில எல்லையை அளந்து கோரின் ஒப்புதல் பெறுங்கள். பெர்மிட் விண்ணப்பத்தோடு பேங்கிடமிருந்து 'கையிருப்பு உண்டு' என்னும் கடிதத்தை இணையுங்கள். முன்பணம் கட்டி நிறுத்தி வையுங்கள். அந்த ஒப்பந்தத்தில் காலாவதி நாளையும், பெர்மிட் தாமதமானால் நீட்டிப்புக்கு என்ன கட்டணம் என்பதையும் எழுத வையுங்கள். பெர்மிட்டின் சிறப்பு நிபந்தனையில் பேங்கின் பெயர், கிரெடிட் வகை, எண்ணிக்கை மூன்றும் வரும். அது உங்கள் ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 'ஆற்றோர ஈரநிலம்' என்று பெர்மிட்டில் இருக்க, ஆற்றோரமல்லாததை வாங்கி வந்தால் பணம் போனது போனதுதான். முழுப்பணம் கட்டி விற்பனைச் சான்று வாங்கி, அதைக் கோருக்கு அனுப்பி, அதன் பிறகே புல்டோசர் இறங்க வேண்டும். சான்று வராமல் வேலையைத் தொடங்குவதுதான் இந்தச் சங்கிலியில் அதிகம் நடக்கும் மீறல். கட்டுமானக்காரருக்குப் பெர்மிட் வந்தது தெரியும், சிறப்பு நிபந்தனை தெரியாது.

இரண்டாம் கடை: இன்-லியூ ஃபீ

பேங்க் இல்லாத படுகையில் இதுதான் கதி. பணத்தைக் கட்டினால் இங்கும் பொறுப்பு கைமாறிவிடும். வாங்குபவருக்குச் சுகமான வழி. விலைப்பட்டியலை வெளிப்படையாகப் போடும் அரசுத் திட்டங்கள் உண்டு. வட கரோலினாவின் மிட்டிகேஷன் சர்வீசஸ் பிரிவு அப்படி ஒன்று. ஆனால் அங்கே தனியார் டெவலப்பர்கள் முதலில் பேங்கில் கேட்டு, இல்லையென்றால்தான் இங்கே வர வேண்டும் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது.

குறை என்னவென்றால் முன்கூட்டிய கிரெடிட். நிலம்கூடப் பார்க்காத நிலையில் விற்க அனுமதி உண்டு. முதல் முன்கூட்டிய கிரெடிட் விற்ற பிறகு வரும் மூன்றாவது முழு வளர்பருவத்துக்குள் நிலம் வாங்கி முதல்கட்ட மண் வேலையும் நடவும் முடித்திருக்க வேண்டும் என்பது விதி. அதுவரை உங்கள் சதுப்பு போய்விட்டது, பதில் சதுப்பு வரவில்லை. கட்டணம் நிர்ணயித்த பிறகு நில விலை ஏறிவிட்டால் அமைப்பு கையைப் பிசைய வேண்டியதுதான். காரணமே இல்லாமல் இரண்டாமிடம் தரவில்லை.

மூன்றாம் கடை: நீங்களே செய்வது

பன்னிரண்டு கூறுகள் கொண்ட திட்டம், நிலத்துக்கு நிரந்தரப் பாதுகாப்புப் பத்திரம், நிதி உத்தரவாதம், குறைந்தது ஐந்தாண்டுக் கண்காணிப்பு. காட்டுச் சதுப்பானால் அதைவிடக் கூட. மனைகளை விற்று லாபம் பார்த்துவிட்டுக் கம்பெனியையே கலைத்த பிறகும் இந்தப் பொறுப்பு தீராது. உத்தரவாதப் பத்திரத்தை ரத்து செய்வதென்றால் 120 நாள் முன்னதாகக் கோருக்குத் தெரிய வேண்டும். நிலப் பாதுகாப்புப் பத்திரத்தை மாற்ற 60 நாள் முன்னறிவிப்பு. மலிவாக முடியும் என்று யாராவது சொன்னால் ஏழாம் ஆண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

சரக்கின் தரம்: ஈரநிலம்

கடையில் எதை வாங்கினாலும் உள்ளே இருப்பது மண், நீர், செடி. மேட்டு நிலத்தைத் தோண்டிப் புதிதாக உருவாக்கிய சதுப்பை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. முன்பு சதுப்பாக இருந்து, வடிகால் வெட்டி வயலாக்கிய நிலத்தில் அந்த வடிகாலை அடைத்து மீட்டதைத் தேடுங்கள். அங்கே மண் ஏற்கெனவே சாம்பல் நிறத்தில், வேர் ஓடிய தடங்களில் துரு நிறத்தில் இருக்கும். தண்ணீர் முன்பு நின்ற இடத்துக்குத் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். புதிதாகத் தோண்டிய இடத்தில் இரண்டே முடிவுகள்: அரை அடி குறைவாகத் தோண்டினால் புதர்க்காடு, அரை அடி கூடுதலாகத் தோண்டினால் குளம். மேல்மண்ணை வாரிக் கொண்டுபோய்விட்டு, அடிக் களிமண்ணில் இயந்திரம் ஓடி இறுகிப்போன தரையில் கன்று நட்டால், வேர் நட்ட குழிக்குள்ளேயே சுற்றிக்கொண்டு சாகும். மேல்மண்ணைத் தனியே குவித்து வைத்துத் திருப்பிப் பரப்பினார்களா, இறுகிய தரையை ஒன்றரை அடி ஆழத்துக்குக் கீறிவிட்டார்களா என்பது கட்டுமான முடிவு அறிக்கையில் இருக்கும்.

வடிகால் அடைப்பிலும் கோட்டை விடுவதுண்டு. அடைப்பு மண்ணைக் கெட்டியாக அடிக்காமல் பக்கத்து மணலையே தள்ளி மூடினால் முதல் பெருமழையில் அரித்துக்கொண்டு போகும். மத்திய மேற்கு மாநிலங்களில் பூமிக்கடியில் பதித்த வடிகுழாய்கள் இருக்கும். பிரதான குழாயை உடைத்துவிட்டு ஒரு கிளைக்குழாயை மறந்தாலும் அது இரவும் பகலும் சதுப்பை வடித்துக்கொண்டே இருக்கும். நிலத்தின் ஓரம் முழுக்கத் தேடுபள்ளம் வெட்டி எல்லாக் குழாயையும் பிடித்தார்களா என்பதுதான் கேள்வி.

கண்காணிப்பு அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தடி நீர்க் குழாயின் வரைபடம். இந்தக் குழாய் சாதாரண சமாச்சாரம்: தரைக்குக் கீழே சுமார் 15 அங்குலம் இறக்கிய, பக்கவாட்டில் மெல்லிய பிளவுகள் கொண்ட பி.வி.சி, சுற்றிலும் மணல், மேலே மழைநீர் வழிந்து இறங்காமல் பென்டோனைட் களிமண் அடைப்பு, உள்ளே நீர்மட்டத்தைத் தானே பதியும் கருவி. பொதுத் தர அளவு, வளர்பருவத்தில் தொடர்ச்சியாக 14 நாளாவது நீர்மட்டம் தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும், அதுவும் பத்தாண்டில் ஐந்தாண்டாவது. குழாயை அடியிலுள்ள களிப்படலத்தைத் துளைத்து ஆழமாக இறக்கிவிட்டால் அது காட்டும் மட்டத்துக்கும் வேர்ப்பகுதிக்கும் சம்பந்தமிருக்காது. குழாய்கள் எல்லாம் பள்ளத்திலேயே வைக்கப்பட்டிருந்தால் வரைபடத்தை நம்பாதீர்கள். மழைக்கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வழக்கத்தைவிட அதிகமாகக் கொட்டிய ஆண்டில் கால்பந்து மைதானம்கூடத் தேறிவிடும்.

செடிக்கு வட கரோலினாவின் அளவு ஏக்கருக்கு மூன்றாம் ஆண்டில் 320, ஐந்தாம் ஆண்டில் 260, ஏழாம் ஆண்டில் 210 மரக்கன்று. ஒரே இனத்தைக் கொண்டு பாதிக்கு மேல் கணக்குக் காட்ட முடியாது. இந்த நிபந்தனை இல்லாவிட்டால் காற்றில் விதை வந்து தானே முளைக்கும் செம்மேப்பிளும் ஸ்வீட்கம்மும் எண்ணிக்கையை நிரப்பிவிடும். நட்ட ஓக் செத்தது அறிக்கையில் தெரியாமலே போகும். வேரில் மண்ணில்லாத கன்றுகளைக் குளிர்கால உறக்கத்தில் நட வேண்டும். நடவு ஏப்ரலுக்கு மேல் தள்ளிப்போன பேங்கில் முதலாண்டு எண்ணிக்கையைக் கவனமாகப் பாருங்கள். ஆக்கிரமிப்புக் களைகளான ரீட் கேனரி புல்லும் ஃபிராக்மைட்டிஸ் நாணலும் புகுந்துவிட்டால் மருந்தடிக்காமல் போகாது. அந்தச் செலவு யார் தலையில் என்பதைப் பராமரிப்புத் திட்டம் சொல்லும்.

இத்தனையும் சரியாக நடந்தாலும் கிடைப்பது அசலுக்கு நகல்தான். உலகெங்கும் 621 ஈரநிலங்களை அலசி 2012-இல் வந்த ஆய்வு, மீட்டு ஒரு நூற்றாண்டு ஆன பிறகும் உயிர் அமைப்பு சராசரியாக 26 சதவீதமும், கார்பன் சேமிப்பு போன்ற மண்-வேதிச் செயல்பாடு 23 சதவீதமும் குறைவாகவே இருந்ததாகக் கண்டது. ஒன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் போதாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

சரக்கின் தரம்: ஓடை

இங்கே விற்பது பெரும்பாலும் மண்-பாறை வேலை. நேராக வெட்டிவிட்ட ஓடையை வளைத்து நெளித்து விட்டு, கரையைத் தணித்து, பாறைகளால் குறுக்கு அமைப்புகள் கட்டி, இருபுறமும் மரம் நடுவார்கள். எத்தனை அடி நீளம் என்பதை வைத்துக் கிரெடிட். வட கரோலினாவில் முழு மீட்பு என்றால் ஓரடிக்கு ஒரு கிரெடிட். முதல் நிலை மேம்பாடு 1.5 அடிக்கு ஒன்று. இரண்டாம் நிலை 2.5 அடிக்கு ஒன்று. வெறும் பாதுகாப்பு 10 அடிக்கு ஒன்று. 1,000 அடியை இரண்டாம் நிலை என்று வகைப்படுத்தினால் 400, முழு மீட்பு என்றால் 1,000. விற்பவருக்கு எதை நோக்கி ஆசை போகும் என்று சொல்லத் தேவையில்லை. வேலி போட்டு மாட்டைத் தடுத்தாலே தேறிவிடக்கூடிய ஓடையிலும் எக்ஸ்கவேட்டர் இறங்குவது இந்த விகிதத்தால்தான்.

பாறை அமைப்பு எப்படிக் கெடும் என்று தெரிந்தால் அறிக்கையின் புகைப்படத்திலேயே கண்டுபிடிக்கலாம். 'V' வடிவில் மேல்நோக்கிக் கட்டிய குறுக்கு அமைப்பின் மேற்பாறைக்கு அடியில் அஸ்திவாரப் பாறை இருக்க வேண்டும். அதன் ஆழம் போதாவிட்டால் கீழே விழும் நீர் தோண்டும் குழி அஸ்திவாரத்தையே உருவி எடுக்கும். மேற்பாறை முன்பக்கம் கவிழும். பாறைகளுக்கு இடையே சல்லியும் வடிதுணியும் வைத்து அடைக்காவிட்டால் தண்ணீர் மேலே வழியாமல் இடுக்கில் புகுந்து போகும். படத்தில் மேற்பாறை காய்ந்தும் கீழே குழி நிறைந்தும் தெரிந்தால் இதுதான். 'V'-யின் இரு கைகளையும் கரைக்குள் போதுமான தூரம் புதைக்காவிட்டால் வெள்ளம் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு புது வழி வெட்டிவிடும்.

அளவுகளில் இரண்டைப் பாருங்கள். கரை உயர விகிதம் (கரையின் உயரத்தை, ஓடை நிரம்பி வழியும்போதுள்ள ஆழத்தால் வகுத்தது) 1.2-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஓடை மறுபடி ஆழப் போகிறது என்று பொருள். வெள்ளச் சமவெளி அகல விகிதம் (வெள்ளம் பரவும் அகலத்தை ஓடையின் அகலத்தால் வகுத்தது), அகலமாகப் பரவ வேண்டிய ஓடை வகைகளுக்கு 2.2-க்குக் குறையக் கூடாது. வெள்ளம் வந்ததா என்பதற்குச் சான்று, கரையோரம் நட்ட குழாய்க்குள் கார்க் தூள் போட்ட அளவுகோல். வெள்ளம் ஏறும்போது தூள் மிதந்து, உச்சத்தில் உள்குச்சியில் ஒட்டி ஒரு கோடு விடும். ஆய்வாளர் அடுத்த முறை வந்து துடைத்துவிட்டுப் புதிதாகத் தூள் போடுவார். துடைக்க மறந்தால் ஒரே வெள்ளம் இரண்டு ஆண்டுக் கணக்கில் ஏறும்.

பழைய வாய்க்காலை விட்டுவிட்டு மேலேயுள்ள அசல் சமவெளிக்கே ஓடையை உயர்த்தும் முறைக்கே எங்கள் ஆதரவு. பக்கத்துச் சதுப்பும் சேர்ந்து நனையும். பக்கத்து நிலத்தில் வெள்ளம் ஏறும் என்ற பயத்தால் ஓடையைக் கீழேயே விட்டு, தாழ்வாக ஒரு சமவெளி வெட்டும் முறையில் மண் அகற்றும் செலவும் கூடும், அகற்றிய தரையில் நடவும் தள்ளாடும்.

ஓடைக்கு மதிப்பெண் குறைத்ததன் உண்மைக் காரணம் இதுதான்: மேல்பகுதியில் பார்க்கிங் மைதானங்களிலிருந்து பாயும் மழைநீரையும் அழுக்கையும் மாற்றாமல், கீழே ஓடையின் வடிவத்தை மட்டும் மாற்றினால் மீனும் பூச்சியும் திரும்புவதில்லை. 78 ஓடை மீட்புத் திட்டங்களை 2010-இல் தொகுத்துப் பார்த்ததில் உயிரினப் பன்மை தெளிவாகக் கூடியது இரண்டில் மட்டும். வாங்கத்தான் வேண்டுமென்றால் மேல்நீர்ப்பிடிப்பு முழுவதும் காடாகவோ பாதுகாக்கப்பட்டோ இருக்கும் தலையோடையில் வாங்குங்கள். இடையில் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கு வந்து அணை கட்டிவிட்டால் ஓடை சதுப்பாகி ஓடைக் கிரெடிட் ஆட்டம் காணும். பீவர் இலவசமாகச் செய்வதைப் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க வழியில்லை என்பது இந்த ஏற்பாட்டின் வேடிக்கை.

2023-க்குப் பிறகு

2023 மே 25-இல் சாக்கெட் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிலையான நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலம் மட்டுமே மத்தியச் சட்டத்துக்குள் வரும் என்றது. தனித்து நிற்கும் பல சதுப்புகளுக்கு மத்திய பெர்மிட் தேவையில்லாமல் போயிற்று, கிரெடிட்டும் தேவையில்லை. ஆனால் மினசோட்டா போன்ற மாநிலங்களில் சொந்தச் சட்டம் உண்டு, அங்கே 1991-இலிருந்து ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வட கரோலினாவோ அதே 2023-இல் மாநிலப் பாதுகாப்பையும் மத்திய வரையறைக்குள் சுருக்கிக்கொண்டது. ஆகவே நிறுத்தி வைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன், உங்கள் சதுப்பு சட்டத்துக்குள் வருகிறதா என்று கோரின் அங்கீகரித்த எழுத்து முடிவை வாங்குங்கள். அது ஐந்தாண்டு செல்லும். முன்பணம் பெரும்பாலும் திரும்பி வராது. பெர்மிட் தேவையில்லை என்று பின்னால் தெரியவந்தாலும்கூட.